வெறுங்கோப்பை

அந்தப் பெண்ணுக்கு எதிலும் இரண்டு வேண்டும். ஒன்று செய்தது, இன்னொன்று செய்யாதது. மிளகாய் போட்டு முறுக்கு கொண்டுவந்தால் அதே டப்பாவின் ஓரத்தில் மிளகாய் போடாத முறுக்கும் இரண்டு இருக்கும். "முதல் இதைச் சாப்பிடுங்கோ அண்ணை, பிறகு அது. அப்பத்தான் உறைப்பு எவ்வளவு எண்டு விளங்கும்" என்பாள். புதுக் குடை வாங்கினால் ஒரு மழைக்குப் பழைய குடையோடும் அடுத்த மழைக்குப் புதுக் குடையோடும் வருவாள். எதில் தோள் அதிகம் நனைந்தது என்று சொல்லிவிட்டுத்தான் கோட்டைக் கழற்றுவாள். இப்படி ஒருத்தியோடு இரண்டு வருடம் ஒரே அறையில் வேலை பார்ப்பது என்ன பாடு என்று எனக்குத்தான் தெரியும். இன்று அவள் பக்கத்தில் இல்லையே என்று நினைக்கிற பாடும் எனக்குத்தான் தெரியும்.

நான் சேலத்துக்காரன். படித்தது உலோகவியல். எலும்புக்குள் பொருத்துகிற டைட்டானியத் துண்டுகளுக்கு மேல்பூச்சு போடுவது என் பிழைப்பு. உலை தெரியும், சூடு தெரியும். உயிருள்ள எதையும் வளர்த்துப் பழக்கமில்லை. வீட்டில் இருந்த ஒரே ஒரு துளசிச் செடிக்கும் மனைவிதான் தண்ணீர் ஊற்றினாள். அப்படிப்பட்டவனைப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஹனோவரில் ஓர் ஆய்வகம் வேலைக்கு எடுத்துக்கொண்டு, குருத்தெலும்புச் செல்களை வளர்க்கச் சொன்னது. அவள் அந்த ஆய்வகத்தின் டெக்னீஷியன். எனக்கு முப்பத்தைந்து வயது, அவளுக்கு இருபத்து நான்கு. நான் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டவன். அவளுக்கு அந்தப் பட்டமெல்லாம் இல்லை. ஆனால் செல்கள் அவள் பேச்சைத்தான் கேட்டன.

வேலை இதுதான். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையில் வெட்டி எடுக்கிற மூட்டுத் துண்டுகள், நோயாளியின் கையெழுத்தோடு, ஒரு வெள்ளை வாளியில் எங்களுக்கு வந்துசேரும். அதில் தேயாமல் மிச்சமிருக்கிற குருத்தெலும்பைச் சீவி, அதிலிருந்து செல்களைப் பிரித்து, சின்னச் சின்னத் தட்டுகளில் மெல்லிய கூழ் பரப்பி அதன்மேல் விடுவோம். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு ஊட்ட நீர்தான் அவற்றுக்குச் சாப்பாடு. உடம்புச் சூட்டில் இருக்கிற இன்குபேட்டருக்குள் அவை தங்களைச் சுற்றி வலை மாதிரி ஒன்றைப் பின்னும். வலை முற்றியபிறகு அதில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் படிந்து எலும்பு மாதிரி இறுகவேண்டும். தாயின் வயிற்றில் நம் எல்லோருக்கும் நடந்ததுதான். முதலில் குருத்து, பிறகு எலும்பு. அதை ஒரு தட்டில் நடக்கவைத்து, என் டைட்டானியத்தோடு ஒட்டவைக்க வேண்டும் என்பது திட்டம்.

வாளிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அவள் அந்த எண்களோடு உறவு கொண்டாடுவாள். மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடியே, "பதினேழாம் நம்பர் ஐயா இண்டைக்கு நல்ல சந்தோசமா இருக்கிறார். இருபத்திரண்டாம் நம்பர் அன்ரிக்குத்தான் மனம் சரியில்லை" என்பாள். முதல் மாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆறு மாதத்தில் நானும் காலையில் வந்ததும் ஐயா எப்படி இருக்கிறார் என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

அவள் பிறந்தது ஹனோவரில். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக்காலத்தில் வந்தவர்கள். அப்பா ஒரு தொழிற்சாலைக் கேன்டீன் சமையற்கட்டில் இருபது வருடம் நின்றே வேலை பார்த்தவர். அவள் தமிழ் முழுக்க வீட்டில் காதால் கற்ற தமிழ். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். நான் சேர்ந்த அன்று கதவைத் திறந்துகொண்டு வந்து, "அண்ணை, நீங்கள் தமிழோ?" என்று கேட்டாள். ஓம் என்று அவள் தலையாட்டியதையும் வாறன், போறன் என்று அவள் பேசியதையும் கேட்டு, எல்லாம் புரிகிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஒரே மொழிதானே!

ஒருநாள் என்னிடம் ரகசியமாக வந்து, "அண்ணை, ஷெஃபின் உங்களைப் பேசினவ" என்றாள். ஷெஃபின் என்றால் எங்கள் தலைமைப் பேராசிரியை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நல்லாத்தானே பேசினாங்க?" என்று கேட்டேன். "ஓம், நல்லாப் பேசினவ" என்றாள், பரிதாபமாக என்னைப் பார்த்து. அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது என்று எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஒரு வாரமும் நான் பேராசிரியையைப் பார்த்தபோதெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

வெறுங்கோப்பை விஷயமும் அப்படித்தான். நான் முதல் முதலாகத் தட்டுகளை இன்குபேட்டருக்குள் வைத்தபோது, "எல்லாம் சரி அண்ணை, ஒரு வெறுங்கோப்பையும் வையுங்கோ" என்றாள். எதற்கு என்று கேட்டால் புதியவன் என்று தெரிந்துவிடும். ஈரப்பதத்துக்கு ஏதோ வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒரு சுத்தமான கண்ணாடிக் கோப்பையைத் துடைத்து உள்ளே வைத்தேன். மறுநாள் கதவைத் திறந்தவள் நெடுநேரம் பார்த்தாள்.

"உதென்ன அண்ணை?"

"நீதானம்மா வைக்கச் சொன்னே. வெறும் கோப்பை."

அவர்களுக்குக் கோப்பை என்றால் சோறு சாப்பிடுகிற தட்டு. எங்களுக்கு டீ குடிக்கிற கோப்பை. அவள் கேட்டது செல் போடாத வெறும் தட்டு. மற்றத் தட்டுகளுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்யவேண்டும். அதே கூழ், அதே நீர், அதே சூடு. உள்ளே உயிர் மட்டும் இருக்காது. சிரித்துச் சிரித்து அவள் கண் கலங்கிவிட்டது. பிறகு ஒரு தட்டை எடுத்து, மூடிமேல் நீல மையால் ஒரு வட்டம் போட்டாள். கண், மூக்கு, வாய் எதுவும் இல்லாத வெறும் வட்டம். அதுதான் அவள் அடையாளம். "இது பொய் சொல்லாது அண்ணை. மற்றதெல்லாம் சொல்லும்" என்றாள்.

இந்த வட்டத்தை அவள் எங்கே போடாமல் விட்டாள்! அப்பாவின் முழங்கால் வலிக்கு யாரோ ஊரிலிருந்து தைலம் அனுப்பியிருந்தார்கள். அவள் வலது காலுக்குத் தைலமும் இடது காலுக்கு வெறும் தேங்காயெண்ணெயும் ஒரு மாதம் தேய்த்துவிட்டாள், எது எதில் என்று சொல்லாமல். மாதக் கடைசியில் அப்பா, "ரெண்டும் சுகமாத்தான் கிடக்கு பிள்ளை, இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டாராம். இன்னொரு கதை கோவில் கதை. ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னாலும் அம்மா அம்மன் கோவிலில் அவள் பெயரில் அர்ச்சனை செய்வார். ஒரு பரீட்சைக்கு மட்டும் செய்யவேண்டாம் என்று அம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். மார்க் எப்போதும் போலவே வந்தது.

"பிறகு அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அம்மாள் இந்தமுறை கேளாமலே தந்திட்டா எண்டு சொல்லி, அடுத்த கிழமை ரெண்டு அர்ச்சனை செய்தவ."

அவளுக்கு மருத்துவம் படிக்க ஆசை. பள்ளி இறுதி மார்க் கொஞ்சம் குறைந்துபோனதால் இடம் கிடைக்கவில்லை. அப்போது ஜெர்மனியில் அப்படிப்பட்டவர்கள் பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருப்பார்கள். அவள் காத்திருக்கிற நேரத்தில் டெக்னீஷியன் படிப்பை முடித்து வேலைக்கு வந்துவிட்டாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுப்புக் கடிதம் வரும். அதை மடித்து லாக்கருக்குள் வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, "வாங்கோ அண்ணை, ஐயாவுக்குச் சாப்பாடு குடுப்பம்" என்பாள். ஒருநாள்கூட முகம் கோணியதில்லை. எனக்கோ பஸ் ஐந்து நிமிடம் தாமதமானாலே ரத்தம் கொதிக்கும்.

எனக்கு அவசரம் இருந்தது என்பதும் உண்மை. சேலத்தில் என் மனைவியும் மகளும் காத்திருந்தார்கள். நான் கிளம்பியபோது மகளுக்கு இரண்டு வயது. என் கையில் இருந்தது ஒரு வருட ஒப்பந்தம், அதுவும் முடியப்போகிற நேரம். குடும்பத்தை அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நீண்ட ஒப்பந்தம் காட்டவேண்டும். பேராசிரியை என்னைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார். திட்டத்துக்கு ஆதரவு தருகிறவர்கள் அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை வருகிறார்கள். அன்றைக்குத் தட்டில் எலும்பு மாதிரி ஏதாவது காட்ட முடிந்தால் எனக்கு இரண்டு வருடம் நிச்சயம். முடியாவிட்டால் பார்க்கலாம். ஜெர்மன்காரர்கள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

நான் புதிதாக ஒரு வரிசை போட்டேன். பன்னிரண்டு தட்டு. செய்முறையை நானே எழுதினேன். அந்த வாரம்தான் அவள் அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்று இரண்டு வாரம் லீவு எடுத்திருந்தாள். போவதற்கு முன் என் காகிதத்தை ஓடவிட்டுப் பார்த்தாள். "நல்லாக் கிடக்கு. பொஸ்பேற்றை மட்டும் ஆறுதலாக் குடுங்கோ அண்ணை" என்றாள். சரிம்மா என்றேன். கதவருகில் திரும்பி, "அப்பான்ர முழங்காலும் இப்ப ஆரின்ரையோ வாளியில போகப்போகுது. நம்பர் என்னவோ தெரியாது" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

நான் அவள் சொன்னபடியே செய்தேன். பைப்பெட்டைத் தட்டின் விளிம்பில் சாய்த்து, சொட்டுச் சொட்டாக, செல்களுக்கு ஒரு அதிர்ச்சியும் கொடுக்காமல், அத்தனை இதமாக விட்டேன். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற கவனம். முதல் நாளே முழு அளவும் கொடுத்துவிட்டேன். தட்டுகளை எண்ணியபோது பதின்மூன்று இருந்தது. ஓரத்தில் நீல வட்டம். போகிற அவசரத்திலும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். முணுமுணுத்துக்கொண்டே அதற்கும் ஊற்றினேன், வந்து கேட்பாளே என்று.

பத்தாம் நாள் இரண்டு தட்டை எடுத்துச் சாயம் போட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு படிந்த இடத்தை மட்டும் பிடித்துக்கொள்கிற சிவப்புச் சாயம் அது. கழுவக் கழுவச் சாயம் போகவேண்டும், படிந்த இடம் மட்டும் நிற்கும். நின்றது. தட்டு முழுக்க, கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டு மாதிரி நின்றது. பேராசிரியை ஓடிவந்து பார்த்தார், படம் எடுத்தார், என் தோளில் தட்டினார். அவர் யார் தோளிலும் தட்டி நான் பார்த்ததில்லை. சாயங்காலமே மனைவிக்கு போன் செய்தேன். சந்தோஷத்தில் அழுதாள். மறுநாள் பெட்டி வாங்கியாகிவிட்டது என்றாள். மகள் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, ஜெர்மனி வந்துவிட்டதா என்று கேட்டாளாம்.

அவள் லீவு முடிந்து திங்கட்கிழமை வந்தாள். அப்பா ஊன்றுகோலோடு நடக்கிறார் என்று சொன்னாள். நான் என் சிவப்புத் தட்டுகளை மாப்பிள்ளை மாதிரி நிறுத்திக் காட்டினேன். "பத்து நாளிலயோ?" என்றாள். அதற்குப் பிறகு ஒரு கேள்விதான்.

"வெறுங்கோப்பைக்குச் சாயம் போட்டனீங்களோ?"

"அதுக்கு எதுக்கும்மா? அதுல ஒண்ணும் இல்லையே."

அவள் இன்குபேட்டரிலிருந்து வட்டம் போட்ட தட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். சாயப் பாட்டிலை அதன் பக்கத்தில் வைத்தாள். "நான் போடமாட்டன் அண்ணை. நீங்கள் போடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டாள்.

போட்டேன். கழுவினேன். மறுபடி கழுவினேன். நான்காம் முறையும் கழுவினேன். செல் என்று ஒன்றுகூட இல்லாத அந்தத் தட்டு, மற்ற இரண்டையும் போலவே, அச்சு அசலாகச் சிவந்து நின்றது. எலும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீர் கொதிக்கிற கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதைத்தான் நான் பத்து நாளாக வளர்த்திருக்கிறேன். அதற்கு உயிரே தேவையில்லை.

அவள் வந்து பார்த்தாள். "எத்தினையாம் நாள் பொஸ்பேற்று குடுத்தனீங்கள்?"

"முதல் நாளே."

"முழுசாவோ? நான் ஆறுதலா எண்டெல்லோ சொன்னனான்!"

"ஆறுதலாத்தானே கொடுத்தேன்! சொட்டுச் சொட்டா, ஓரமா, ஒரு செல்லுக்கும் வலிக்காம..."

அவள் என்னையே பார்த்தாள். "அண்ணை, ஆறுதலா எண்டா லாங்ஸாம். அவசரப்படாமல். மூண்டு கிழமை விட்டு, வலை முத்தினாப் பிறகு, கொஞ்சங் கொஞ்சமா. எங்கட வீட்டில ஆறுதலாச் சாப்பிடு, ஆறுதலா வா எண்டுதான் சொல்லுறவை. உங்கட ஊரில ஆறுதல் எண்டா என்ன?"

"சாவு வீட்டுக்குப் போனா சொல்றது."

"அப்ப நீங்கள் பத்து நாளா செல்லுகளுக்குச் செத்தவீடோ விசாரிச்சனீங்கள்?"

இருவரும் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். பக்கத்து அறையிலிருந்து ஒரு மாணவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கோப்பை போல, புரியவில்லை என்று நமக்கே தெரிந்த சொல்லில் விழுந்தால் ஒரு நாளில் எழுந்துவிடலாம். தெரிந்த சொல் என்று நினைத்ததுதான் என்னைக் கவிழ்த்தது. சிரிப்பு அடங்கியபோது அவள் முகம் மாறியிருந்தது. அவளுக்கு என் மகளின் பெட்டிக் கதை தெரியும்.

"நான்தான் பிழையாச் சொன்னனான் எண்டு ஷெஃபினிட்டச் சொல்லுறன்" என்றாள்.

"வேண்டாம். நீ ஒண்ணும் சொல்லாதே" என்றேன். சொன்ன தொனி எனக்கே பிடிக்கவில்லை.

ஏன் வேண்டாம் என்றேன் என்பதை இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது? யாருக்கும் தெரியவேண்டாம் என்றுதான். படம் பேராசிரியையிடம் இருந்தது. வியாழனுக்கு மூன்று நாள்தான். கூட்டம் முடிந்து கையெழுத்து ஆகட்டும், பிறகு நிதானமாகச் சரியான முறையில் செய்துகொள்ளலாம், யாருக்கு என்ன நஷ்டம் என்று மனம் வக்கீல் மாதிரி வாதாடியது. அவள் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து, வட்டம் போட்ட தட்டை எடுத்துக் கழிவுப் பைக்குள் போட்டேன். போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பேன். பிறகு கையுறை போட்டுக்கொண்டு பைக்குள் கைவிட்டு, கிழங்கு தோண்டுகிறவன் மாதிரி துழாவி, அதை வெளியே எடுத்தேன். திரும்பினால் அவள் வாசலில் நிற்கிறாள், கையில் காபியோடு.

அவள் திட்டியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். புத்தி சொல்லியிருந்தால், உனக்கென்ன தெரியும், குடும்பமா குட்டியா என்று கேட்டிருப்பேன். அவள் என் கையிலிருந்த தட்டை வாங்கி, மூடியில் ஒட்டியிருந்த அழுக்கைத் துடைத்து, வட்டம் மேலே தெரிய மேசைமேல் வைத்தாள். பிறகு வழக்கம்போல் மற்றத் தட்டுகளுக்கு நீர் மாற்றப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல் அவ்வளவு கோபம் வந்தது. வாழ்க்கையில் அத்தனை கோபம் யார்மேலும் வந்ததில்லை.

புதன்கிழமை காலை மூன்று சிவப்புத் தட்டுகளையும் வரிசையாகப் பேராசிரியையின் மேசையில் வைத்துச் சொன்னேன். அவர் மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றாவதைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். "ஷாடெ" என்றார். அடடா, பாவம் என்று அர்த்தம். அவ்வளவுதான். கூட்டத்தில் காட்டவிருந்த என் படத்தை நீக்கிவிட்டு வேறு ஒருவருடைய படத்தைப் போட்டார். எனக்குக் கிடைத்தது ஆறு மாத நீட்டிப்பு. அதை வைத்துக் குடும்பத்தை அழைக்க முடியாது.

மனைவியிடம் சொன்னபோது, "ஒரு காலித் தட்டுக்காகவாங்க?" என்று கேட்டாள். பிறகு இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, பெட்டியைப் பரண்மேல் போட்டாச்சு என்றாள்.

திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். மூன்று வாரம் வெறும் ஊட்ட நீர். வலை முற்றுகிறவரை பாஸ்பேட் பாட்டிலை அவள் தன் லாக்கருக்குள் பூட்டி வைத்துக்கொண்டாள், என்மேல் அவ்வளவு நம்பிக்கை. பிறகு கொஞ்சங் கொஞ்சமாக. எட்டாவது வாரம் சாயம் போட்டபோது, பதினேழாம் நம்பர் ஐயாவின் தட்டில் மெல்லிய சரிகை ஓடினாற்போல் அங்கங்கே சிவப்பு. முன்பு வந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வட்டம் போட்ட தட்டு பளிச்சென்று கண்ணாடியாக இருந்தது. அவள் அந்த வெறுந்தட்டைத்தான் முதலில் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "இப்ப வடிவு" என்றாள். அழகு என்று அர்த்தம். அந்தச் சொல் எனக்கு யாரும் விளக்காமலே புரிந்தது.

அந்தச் சரிகையைக் காட்டித்தான், இன்னொரு ஆறு மாத நீட்டிப்புக்குப் பின்னால், எனக்கு நீண்ட ஒப்பந்தம் கிடைத்தது. அதற்குள் அவள் போய்விட்டாள். ஒரு வசந்த காலத்துக் காலையில் லாக்கரைத் திறந்து, அன்று வந்த கடிதத்தை மடிக்காமல் என்னிடம் நீட்டினாள். லைப்சிக்கில் மருத்துவ இடம். ஏழு வருடக் காத்திருப்பு. நான் கத்தியே விட்டேன். அவள், "அம்மா இந்தமுறை அர்ச்சனை செய்தவவோ எண்டு கேக்கவேணும்" என்றாள். கண் மட்டும் நிறைந்திருந்தது.

என் மனைவியும் மகளும் வந்துசேர்ந்தபோது மகளுக்கு நாலரை வயது. நடந்திருக்க வேண்டியதற்கு ஒன்றரை வருடம் தாமதம். விமான நிலையத்திலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போக அவள் லைப்சிக்கிலிருந்து ரயிலேறி வந்து, அப்பாவின் பழைய காரை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் இரண்டு கையிலும் பொம்மை, சாக்லேட், பலூன் என்று கடையையே தூக்கிக்கொண்டு நின்றேன். கதவு திறந்து அவர்கள் வந்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள். போனில் தினமும் பார்த்த முகம்தான். ஆனாலும் அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நான் முட்டி போட்டு, "அப்பாதான்டா செல்லம், வா, வா, இங்கே பாரு" என்று ஒவ்வொன்றாக நீட்டினேன். நீட்ட நீட்ட அவள் பின்னால் போனாள். கடைசியில் உதடு பிதுங்கி அழுகை வெடித்துவிட்டது. எனக்கும்தான்.

என் தோளில் ஒரு கை விழுந்தது.

"ஆறுதலா வரட்டும் அண்ணை."

அந்தச் சொல் முதலில் எங்கள் ஊர் அர்த்தத்தில்தான் காதில் விழுந்தது. பிறகு அவள் ஊர் அர்த்தத்தில். நான் எல்லாவற்றையும் பைக்குள் போட்டு மூடினேன். கார் வீடு வருகிறவரை முன்சீட்டில் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவள் வேறு ஊரில் எலும்பு மருத்துவர். வருடத்துக்கு ஒரு வாழ்த்துச் செய்தி, அவ்வளவுதான் தொடர்பு. நான்தான் போன் செய்யவேண்டும். செய்யாமலே நாள் போகிறது. அவள் இருந்தால் என் சோம்பலுக்கும் ஒரு வட்டம் போட்டுப் பார்த்திருப்பாள். அன்று அவள்மேல் பட்ட கோபம் எந்த வருடம் கரைந்தது என்று தெரியவில்லை. அவளைப் போல நேர்மையான ஒருத்தியை நான் அதன்பிறகு பார்க்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

மகள் வந்து முதல் வாரம் நான் இருக்கிற அறைக்குள்ளேயே வரவில்லை. இரண்டாம் வாரம் கதவோரம் நின்று பார்த்தாள். நான் எதையும் நீட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குக் கிளம்ப நான் கீழே உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். தன் சின்ன ஷூக்காலைத் தூக்கி என் முழங்காலின்மேல் வைத்தாள்.

"அப்பா, லேஸ் கட்டிவிடு" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆறுதலாகக் கட்டினேன்.